ரெண்டு மாசத்துல ஒரு செடி: பிளான்ட் மாலிகுலர் பயாலஜி சம்மர் ரிசர்ச்சுக்குப் போறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிஎஸ்சி பாட்டனி, பயோடெக், அக்ரி படிக்கிற தம்பி தங்கச்சிங்க நவம்பர் ஆனா என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான், "அண்ணா, சம்மருக்கு எங்க அப்ளை பண்றது?" எங்கங்கறத சொல்றேன், ஆனா அது பாதிதான். மீதி பாதி என்னன்னா, எட்டு வாரத்துல முடியற கேள்வியா எடுத்துட்டு உள்ள போறீங்களாங்கறது. அராபிடாப்சிஸ்னு ஒரு சின்ன கடுகு குடும்பத்துச் செடி, உலகம் பூரா செடி லேப்ல அதான் எலி மாதிரி, 2000த்துல முழு ஜீனோமும் படிச்சு முடிச்ச முதல் செடியும் அதான், அஞ்சே குரோமோசோம். வேகமா வளரும்னு அதை எல்லாரும் கொண்டாடறாங்க. அந்த வேகம் எவ்ளோன்னா விதை போட்டு பூத்து காய்ச்சு மறுபடி விதை கைக்கு வர ஆறுலேருந்து எட்டு வாரம். உங்க சம்மரும் எட்டு வாரம். அதாவது அவ்ளோ வேகமான செடியிலயே உங்களுக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு தலைமுறை. நெல்லுன்னா அதுகூட கிடையாது. இந்த ஒரு கணக்கு மண்டைல ஏறிருச்சுன்னா கீழ நான் சொல்ற பாதி விஷயம் தானா புரியும்.

முதல் வேலை: எங்க போடறது, எப்ப போடறது

இந்தியால பிஎஸ்சி பசங்களுக்கு பெரிய கதவு மூணு சயின்ஸ் அகாடமி சேர்ந்து நடத்தற சம்மர் ரிசர்ச் ஃபெலோஷிப். பெங்களூர்ல இருக்கற இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ் (சி.வி. ராமன் 1934ல ஆரம்பிச்சது), டெல்லில இன்சா, பிரயாக்ராஜ்ல நாசி, இந்த மூணும். ரெண்டு மாசம், உதவித்தொகை உண்டு. மார்க் ஷீட், வாத்தியார் ஒருத்தர்கிட்ட ரெக்கமெண்டேஷன், நீங்க என்ன பண்ண ஆசைப்படறீங்கன்னு சின்னதா ஒரு ரைட்-அப், இதான் அப்ளிகேஷன். அடுத்த வருஷ மே மாசத்துக்கு இந்த வருஷக் கடைசிலயே விண்ணப்பம் ஓடிட்டு இருக்கும், பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா போச்சு. கைடு லிஸ்ட்ல பேரு தேர்ந்தெடுக்கறப்ப பெரிய ஊரு பெரிய பேரையே குத்தாதீங்க, லிஸ்ட்ல செடி வேலை பண்றவங்க யாருன்னு ஒவ்வொருத்தர் லேப் பக்கமும் திறந்து பாருங்க. பயாலஜின்னு போட்டிருக்கும், உள்ள போனா எலி மூளை.

பெங்களூர் ஜேஎன்சிஏஎஸ்ஆர் (ஜவஹர்லால் நேரு பேர்ல இருக்கற ஆராய்ச்சி நிலையம்) தனியா ஒரு சம்மர் ஃபெலோஷிப் நடத்துது. இது போக, நேரா ப்ரொஃபசருக்கு மெயில் போட்டு இடம் வாங்கறதும் ரொம்ப சகஜம். செடி மட்டும்னே வாழற இடம்னா டெல்லில 1998ல தொடங்குன என்ஐபிஜிஆர், தேசிய செடி ஜீனோம் ஆராய்ச்சி நிலையம். பயிர் வேணும்னா ஹைதராபாத் பக்கம் பட்டான்செருல இக்ரிசாட், கடலை, கொண்டைக்கடலை, துவரை, சோளம், கம்பு இதுலயே வேலை. நம்ம ஊர்லயும் இடம் இருக்கு. கோயம்புத்தூர் டிஎன்ஏயூ (வேளாண் பல்கலைக்கழகம்), மதுரை காமராஜ் யுனிவர்சிட்டி பயோடெக், சென்னை தரமணி எம்எஸ்எஸ்ஆர்எஃப் (எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம்). உப்பு தாங்கற ஜீனை அலையாத்தி மரத்துலேருந்து எடுத்து நெல்லுல வச்சுப் பாத்தாங்களே, அது இந்த தரமணில நடந்த வேலைதான். சொந்த மாநிலத்துல சம்மர் பண்றது குறைச்சல்னு நெனைக்கற ஒரு வியாதி நம்மகிட்ட இருக்கு, விட்டுடுங்க.

வெளிநாடு ஆசை இருந்தா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. அமெரிக்கால என்எஸ்எஃப்னு அரசு அறிவியல் நிதி அமைப்பு காசு தர்ற ஆர்இயு சம்மர் ப்ரோகிராம்ல செடி மாலிகுலர் பயாலஜிக்கே தனி இடங்கள் உண்டு, பத்து வாரம் அளவுக்கு நடக்கும், படிக்கவே வாயூறும். ஆனா அந்தக் காசு அமெரிக்க குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவங்களுக்கும் மட்டும்தான். டெக்சாஸ்லயோ நியூ ஜெர்சிலயோ இருக்கற உங்க அத்தை பையன் போடலாம், திருவாரூர்லேருந்து நீங்க போட முடியாது, ராத்திரி முழிச்சு எஸ்ஸே எழுதி வீணாக்காதீங்க. நமக்குத் திறந்திருக்கறதுல கனடாவோட மைடாக்ஸ் குளோபலிங்க் இன்டர்ன்ஷிப் இருக்கு, 12 வாரம்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. "அஞ்சு நாள் பிசிஆர் ஹேண்ட்ஸ்-ஆன் ட்ரெய்னிங், சர்ட்டிஃபிகேட்டோட" அப்படின்னு (பிசிஆர்னா டிஎன்ஏ துண்டை நிறைய நகலெடுக்கற முறை) காசு கட்டச் சொல்ற போஸ்டர் வாட்சப்ல சுத்தும். நானும் செகண்ட் இயர்ல ஒண்ணுல போய் உக்காந்தேன், இருபத்தஞ்சு பேர் ஒரு பிபெட்டை (துளித்துளியா அளந்து எடுக்கற கருவி) சுத்தி நின்னு பாத்தோம், ஜெல் (டிஎன்ஏவ நீளம் பாத்துப் பிரிக்கற ஜெல்லி) ஏற்கனவே ஓட்டி வச்சிருந்தாங்க. அது ரிசர்ச் இல்ல, சுற்றுலா. அந்தக் காசுக்கு டெல்லி ட்ரெயின் டிக்கெட் எடுத்திருக்கலாம்.

மெயில் எழுதறது

"ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட்"னு ஆரம்பிக்கற மெயில் ஒரு ப்ரொஃபசருக்கு வாரத்துக்கு எத்தனை வரும்னு நெனைக்கறீங்க. நான் முதல்ல ஒரே மெயிலை நாப்பது பேருக்கு அனுப்பினேன், ரெண்டு மெயில்ல பழைய ப்ரொஃபசர் பேரை மாத்தாமயே போயிருச்சு, ஒரு பதில்கூட வரல. அப்புறம் ஆறே ஆறு மெயில், ஒவ்வொண்ணுக்கும் ஒரு முழு சாயங்காலம், ரெண்டு பதில்.

மெயில்ல நாலு விஷயம் போதும். நீங்க யாரு, எந்த வருஷம், எந்தத் தேதிலேருந்து எந்தத் தேதி வரை ஃப்ரீ. அவங்க லேப்லேருந்து வந்த ஒரு பேப்பர் படிச்சேன்னு சொல்லி அதுல ஒரு படத்தைப் பத்தி ஒரு கேள்வி, முட்டாள் கேள்வியா இருந்தாலும் பரவால்ல, உண்மைக் கேள்வியா இருக்கணும். இதுவரைக்கும் கையால என்ன பண்ணிருக்கீங்க, ஒண்ணும் பண்ணலைன்னா பண்ணலைன்னே எழுதுங்க, மீடியா போடத் தெரியும் ஆட்டோகிளேவ் தெரியும்னாலே பெரிய விஷயம். கடைசியா சிவி ஒரு பக்கம். ரெண்டு வாரத்துக்கு அப்புறம் ஒரு தடவை நினைவூட்டலாம், அதுக்கு மேல வேண்டாம்.

இடம் கிடைச்சதும் காலேஜ்ல என்ஓசி, போனஃபைட் ரெண்டும் வாங்கி வைங்க. நம்ம யுனிவர்சிட்டி செமஸ்டர் எக்ஸாம் மே வரைக்கும் இழுக்கும், காலேஜ் ஜூன்லயே திறந்துடும், நடுவுல எட்டு வாரம் முழுசா கிடைக்கவே கிடைக்காது. அதனால எச்ஓடிகிட்ட முன்கூட்டியே அட்டெண்டன்ஸ் விஷயம் பேசிடுங்க. உதவித்தொகைய நம்பி வெறுங்கையோட போகாதீங்க, முதல் மாசச் செலவுக்கு கைல காசு இருக்கட்டும்.

போறதுக்கு முன்னாடியே கேள்விய சுருக்குங்க

இதுதான் நான் எழுத உக்காந்ததுக்கே காரணம், மத்ததெல்லாம் எங்கயும் கிடைக்கும்.

பசங்க போய் இறங்கின உடனே கேக்கறது "சார் எனக்கு ஒரு டிரான்ஸ்ஜெனிக் செடி பண்ணணும்", அதாவது வெளிய இருந்து ஜீன் வச்ச செடி. கணக்கு போடுங்க. அராபிடாப்சிஸ்ல ஜீனை உள்ள வைக்கற வழி ஃப்ளோரல் டிப், பூ வர்ற நேரத்துல செடியத் தலைகீழா அக்ரோபாக்டீரியம் (செடிக்குள்ள ஜீனைக் கடத்தற பாக்டீரியா) கரைசல்ல முக்கி எடுக்கறது, 1998ல கிளஃப்பும் பென்ட்டும் எளிமையாக்கிக் கொடுத்த முறை. கேக்க சுலபம். ஆனா செடி பூக்க நாலஞ்சு வாரம், முக்கினதுக்கு அப்புறம் விதை முத்திக் காய மூணு நாலு வாரம், அந்த விதைய ஆன்டிபயாட்டிக் தட்டுல போட்டு நூத்துல ஒண்ணு தேறுதான்னு பாக்க இன்னும் பத்து நாள். நீங்க ஊருக்கு ட்ரெயின் ஏறினதுக்கு அப்புறம்தான் உங்க செடி முளைக்கும்.

அப்போ எட்டு வாரத்துக்கு எது சரிவரும்? ஏற்கனவே இருக்கற மியூட்டன்ட்டை (ஒரு ஜீன் கெட்டுப்போன செடி) பிசிஆர் போட்டு உறுதிப்படுத்தறது, அந்த மியூட்டன்ட் உப்புலயோ வறட்சிலயோ எப்படி நடந்துக்குதுன்னு தட்டுல வேர் நீளம் அளக்கறது, ஒரு ஜீன் எந்த நேரத்துல எந்த உறுப்புல வேலை செய்யுதுன்னு ஆர்என்ஏ எடுத்துப் பாக்கறது, ஒரு ப்ரோட்டீன் செல்லுக்குள்ள எங்க உக்காருதுன்னு புகையிலை இலைல பாக்கறது. இதெல்லாம் முடியும். கைடுகிட்ட ஏப்ரல்லயே ஒரு மெயில் போட்டு "மேடம், நான் வர்றப்ப செடி ரெடியா இருக்குமா, இல்ல நான் வந்து விதைக்கணுமா?"ன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்வி கேட்ட ஸ்டூடண்ட்டை அவங்க மறக்க மாட்டாங்க. வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி யாராவது ஒருத்தர் விதை போட்டு வச்சா உங்க எட்டு வாரம் பதினோரு வாரம் ஆகுது.

அந்த நேரத்துல வீட்ல உக்காந்து பண்ண வேண்டியது ரெண்டு. ஒண்ணு, கணக்கு. 100 மைக்ரோமோலார் ப்ரைமர் (பிசிஆர் எங்க ஆரம்பிக்கணும்னு காட்டற குட்டி டிஎன்ஏ துண்டு) ஸ்டாக் இருக்கு, 10 மைக்ரோமோலார்ல 100 மைக்ரோலிட்டர் வேணும், எவ்ளோ எடுப்பீங்க? பத்து எடுத்து தொண்ணூறு தண்ணி, இது யோசிக்காம வரணும், லேப்ல தப்பு நடக்கறது பெரிய தியரில இல்ல, இங்கதான். ரெண்டாவது, உங்க ஜீனோட அட்ரஸ். அராபிடாப்சிஸ்ல ஒவ்வொரு ஜீனுக்கும் ஏடி5ஜி10140 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், ஏடின்னா செடி பேரு, 5 குரோமோசோம், ஜின்னா ஜீன், மீதி அந்த குரோமோசோம்ல எங்கன்னு. இந்த நம்பர் எஃப்எல்சி, பூக்காத பூக்காதன்னு செடியப் பிடிச்சு வைக்கற ஜீன், குளிர்காலம் பட்டாதான் விடும். டேர்னு அராபிடாப்சிஸ் டேட்டாபேஸ்ல உங்க ஜீன் நம்பரைப் போட்டு எக்ஸான் (ஆர்என்ஏல தங்கற பகுதி), இன்ட்ரான் (வெட்டி எறியற பகுதி) எங்கன்னு ஒரு தாள்ல கையால வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க.

முதல் வாரம்

முதல் நாள் வேற எதுவும் பண்ணாட்டியும் விதைய ஊற வைங்க. அராபிடாப்சிஸ் விதை ஆயிரம் சேர்ந்தா இருபது மில்லிகிராம், மூச்சு விட்டா பறக்கும். 70 சதவீத எத்தனால், அப்புறம் ப்ளீச், அப்புறம் அஞ்சு தடவை ஸ்டெரைல் தண்ணி. அப்புறம் நாலு டிகிரில இருட்டுல ரெண்டு மூணு நாள், குளிர்காலம் முடிஞ்சதுன்னு விதைய ஏமாத்தறது, எல்லாம் ஒரே நேரத்துல முளைக்கறதுக்காக. அப்புறம் எம்எஸ் தட்டு, 1962ல முராஷிகியும் ஸ்கூகும் புகையிலைக்காகக் கண்டுபிடிச்ச கலவை, இன்னிக்கும் அதான். 22 டிகிரி, 16 மணி நேரம் வெளிச்சம். என்னோட முதல் தட்டு நாலாவது நாள் பாத்தா வெள்ளையா பஞ்சு மாதிரி பூஞ்சை, விதையவே காணோம். ப்ளீச்ல அவசரப்பட்டுட்டேன், ஆறு நாள் போச்சு. அதனால எப்பவும் ரெண்டு செட்டா போடுங்க, வேற வேற நாள்ல.

லேப்ல உங்களுக்குச் சொல்லித் தரப் போறது பிஐ (லேப் தலைவர்) இல்ல, ஒரு பிஎச்டி சீனியர். அவங்களுக்கு சம்பளம் கம்மி, பேப்பர் டென்ஷன், நீங்க ஒரு கூடுதல் சுமை. சொன்னத எழுதிக்கிட்டு ஒரே விஷயத்த ரெண்டு தடவை கேக்காம இருந்தாலே மூணாவது வாரத்துல அவங்களே டீக்குக் கூப்பிடுவாங்க. டெல்லில பையா தீதின்னு (அண்ணா, அக்கா) கூப்பிட்டுப் பழகிக்கங்க, இந்தி வராட்டி பரவால்ல, அது ரெண்டும் போதும்.

பிபெட் சரியாப் பிடிக்குதான்னு பாக்க ஒரு சுலபமான வழி, தராசுல 100 மைக்ரோலிட்டர் தண்ணி பத்து தடவை விட்டுப் பாருங்க, ஒவ்வொண்ணும் 100 மில்லிகிராம் பக்கம் வரணும். வரலைன்னா முதல்ல உங்க கட்டைவிரலை சந்தேகப்படுங்க, அப்புறம் பிபெட்டை. இன்னொண்ணு, ட்யூப் மேல மார்க்கர்ல எழுதறது எத்தனால் பட்டா அழிஞ்சிடும். மூடிலயும் எழுதுங்க, பக்கத்துலயும் எழுதுங்க.

டிஎன்ஏ எடுக்கறது

சிடேப் முறை, 1987ல டாயில், டாயில்னு ரெண்டு பேர் எழுதினது, உலகத்துல எந்த செடி லேப்லயும் சுவத்துல ஒட்டி வச்சிருப்பாங்க. இலைய திரவ நைட்ரஜன்ல அரைச்சு மாவாக்கி, 65 டிகிரில சூடான சிடேப் பஃபர்ல அரை மணி நேரம், குளோரோஃபார்ம் கலந்து சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி, மேல இருக்கற தெளிவ மட்டும் எடுத்து, ஐசோப்ரோப்பனால் விட்டா நூல் நூலா டிஎன்ஏ. 70 சதவீத எத்தனால்ல கழுவி காய வச்சு கரைக்கணும். கொழுந்து இலையா எடுங்க. மாமர இலை மாதிரி துவர்ப்பு உள்ளதுன்னா கரைசல் டீ டிகாக்ஷன் மாதிரி பழுப்பாகும், அந்த பழுப்பு டிஎன்ஏவோட ஒட்டிக்கிட்டு பிசிஆரக் கெடுக்கும், அதுக்குத்தான் பஃபர்ல பிவிபி, மெர்காப்டோஎத்தனால்னு ரெண்டு கெமிக்கல் போடறது. செம்பருத்தின்னா கொழகொழப்பு, அது வேற தலைவலி. அராபிடாப்சிஸ் சாது, இதெல்லாம் பண்ணாது.

திரவ நைட்ரஜன் விஷயத்துல விளையாட்டு வேண்டாம். அது உள்ள இருக்கறப்ப மூடிய இறுக்கி மூடினா ட்யூப் வெடிக்கும்.

மியூட்டன்ட்டை உறுதிப்படுத்தறது

உங்களுக்குக் கொடுக்கப் போறது பெரும்பாலும் ஒரு சால்க் லைன், ஜீன் நடுவுல டி-டிஎன்ஏ (அக்ரோபாக்டீரியம் கடத்தி விடற டிஎன்ஏ துண்டு) போய் உக்காந்து உடைச்சு வச்ச செடி. விதை பாக்கெட்ல பேரு எழுதியிருக்குங்கறதால எல்லா விதையும் மியூட்டன்ட் கிடையாது, கலந்து இருக்கும். டி-டிஎன்ஏவோட கேனமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கற ஜீனும் வரும், அதனால அந்தத் தட்டுல போட்டு பொறுக்கிடலாம்னு தோணும், ஆனா சால்க் லைன்ல அந்த எதிர்ப்பு ஜீன் பல நேரம் தூங்கிப் போயிருக்கும், உண்மையான மியூட்டன்ட்டே செத்துப் போகும். பிசிஆர்தான் வழி.

மூணு ப்ரைமர். ஜீனோட ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, எல்பி, ஆர்பி. டி-டிஎன்ஏ ஓரத்துல ஒண்ணு, அத பிபின்னு வச்சுக்கங்க. நார்மல் செடில எல்பியும் ஆர்பியும் சேர்ந்து ஆயிரம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து) பக்கம் ஒரு பேண்ட், அதாவது ஜெல்ல ஒரு கோடு தரும். ரெண்டு காப்பியும் உடைஞ்ச செடில நடுவுல பெரிய டி-டிஎன்ஏ இருக்கறதால அந்த பேண்ட் வராது, பிபியும் ஆர்பியும் சேர்ந்து ஒரு சின்ன பேண்ட், நானூறுலேருந்து எழுநூறுக்குள்ள. ஒண்ணு உடைஞ்சு ஒண்ணு நல்லாருந்தா ரெண்டு பேண்டும். இப்போ இதுல பொறி எங்கன்னு பாருங்க, பெரிய பேண்ட் வரலைங்கறது மியூட்டன்ட்டுனாலயும் இருக்கலாம், உங்க டிஎன்ஏ அழுக்குனாலயும் இருக்கலாம். அதனால நார்மல் செடி ஒண்ணு, தண்ணி ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் கூடவே ஓட்டணும். தண்ணில பேண்ட் வந்தா அன்னிக்கு வேலை மொத்தமும் குப்பை, அழுதாலும் சரி.

எத்தனை நாத்து எடுக்கணும்? தாய்ச்செடி ஒரு காப்பி உடைஞ்சதுன்னா பிள்ளைகள்ல நாலுல ஒண்ணுதான் நமக்கு வேணும். பன்னெண்டு நாத்து எடுத்தா ஒண்ணாவது சிக்க 97 சதவீதம் வாய்ப்பு. பதினாறு எடுத்தா 99. ஆறு மட்டும் எடுத்துட்டு கிடைக்கலைன்னு உக்காந்திருந்த ஆளு நான், ஒரு வாரம் பாழ்.

ஜெல் ஓட்டறப்ப டிஎன்ஏ கறுப்பு ஒயர்லேருந்து சிவப்புக்கு ஓடும், கிணறு இருக்கற பக்கம் கறுப்பு. மாத்தி மாட்டிட்டு சாப்பிடப் போனீங்கன்னா திரும்பி வர்றப்ப டிஎன்ஏ பஃபர்ல நீந்திட்டு இருக்கும். எல்லாரும் ஒரு தடவை பண்ணுவாங்க, நானும்.

புகையிலை இலைல பாக்கறது

எட்டு வாரத்துல ஒரு படம் எடுத்துட்டு வரணும்னு ஆசை இருந்தா இதான் குறுக்கு வழி. நிக்கோடியானா பென்தாமியானா, ஆஸ்திரேலியாக் காட்டுப் புகையிலை. நாலஞ்சு வார வயசு செடி, லேப்ல எப்பவும் வளர்த்துட்டே இருப்பாங்க. உங்க ஜீனோட ஜிஎஃப்பி (பச்சையா ஒளிர்ற ப்ரோட்டீன்) ஒட்டின ப்ளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) உள்ள அக்ரோபாக்டீரியத்தை வளர்த்து, மெக்னீசியம் குளோரைடு, எம்இஎஸ், அசிட்டோசிரிங்கோன் கலந்த கரைசல்ல ஓ.டி. (எவ்ளோ கலங்கலா இருக்குன்னு மெஷின்ல பாக்கற அளவு) 0.5 வர்ற மாதிரி கலக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சை இலையோட அடிப்பக்கம் வச்சு மெதுவா அழுத்தினா இலை நனைஞ்ச மாதிரி கருக்கும். ரெண்டு மூணு நாள்ல கன்ஃபோகல் மைக்ராஸ்கோப்ல பச்சையா மின்னும். அசிட்டோசிரிங்கோன் எதுக்குன்னா, அடிபட்ட செடி விடற வாசனை அது, அத மோந்ததும்தான் பாக்டீரியா ஜீனைத் தூக்கிட்டுக் கிளம்பும். இலை தானாவும் சிவப்பா ஒளிரும், அது குளோரோஃபில், உங்க ப்ரோட்டீன் இல்ல. வெறும் ஜிஎஃப்பி போட்ட இலை ஒண்ணு பக்கத்துல இல்லாம எதையும் நம்பாதீங்க.

ஆர்என்ஏ வேலையப் பத்தி சுருக்கமா: க்ளவுஸ் போடுங்க, பேசாதீங்க, ஐஸ்ல வைங்க. காலைல பத்து மணிக்கு ஒரு செடியும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு செடியும் பறிச்சு ரெண்டையும் ஒப்பிட்டா நீங்க அளக்கறது உப்போட விளைவு இல்ல, கடிகாரத்தோட விளைவு, செடியோட ஜீன்கள்ல பெரிய பங்கு நேரம் பாத்துதான் ஏறி இறங்குது. எல்லா இலையையும் ஒரே அரை மணி நேரத்துக்குள்ள பறிச்சு உடனே நைட்ரஜன்ல போடுங்க.

நோட்டு

தேதி, செடி போட்ட நாள், கிட் லாட் நம்பர், என்ன தப்பு பண்ணீங்க, எல்லாம் அன்னன்னிக்கு. நாளைக்கு எழுதறேன்னா நாளைக்கு மறந்துடும். ஜெல் படத்தை வெட்டி ஒட்டி அழகா வைக்காதீங்க, முழுப் படம், மார்க்கரோட. வேர் நீளம் அளக்கறப்ப எது மியூட்டன்ட்னு தெரியாம அளக்கணும், தட்டுக்கு வேற யாரையாவது நம்பர் போடச் சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டு அளந்தா கை தானா நமக்குப் பிடிச்ச பக்கம் இழுக்கும்.

டிரான்ஸ்ஜெனிக் விதை எதையும் ஞாபகத்துக்குன்னு பைல போட்டு ஊருக்கு எடுத்துட்டு வராதீங்க. மரபணு மாத்தின உயிர்களுக்குன்னு 1989 விதிகள் இருக்கு, இன்ஸ்டிட்யூட் பயோசேஃப்டி கமிட்டி இருக்கு, மாட்டறது நீங்க மட்டும் இல்ல, கைடும் சேர்ந்து. ஏப்ரன், ஷூ இதுலகூட விதை ஒட்டிக்கிட்டு வரும், தட்டிட்டு வெளிய வாங்க.

கடைசி பத்து நாள்

புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க. ஏழாவது வாரம் திங்கக்கிழமை பெஞ்சை மூடுங்க, ரிப்போர்ட் எழுத ஒரு வாரம் நிஜமாவே வேணும். ரிசல்ட் வரலைன்னா வரலைன்னு எழுதுங்க, ஏன் வரலைன்னு உங்களுக்குத் தோணுறத எழுதுங்க, அதப் படிச்சுத்தான் கைடு உங்கள எடை போடுவாரு. லேப் மீட்டிங்ல பத்து நிமிஷம் பேசச் சொல்வாங்க, ஆறு ஸ்லைடு போதும். படத்தை லிங்க்டின்ல போடறதுக்கு முன்னாடி கேளுங்க, டேட்டா லேபோடது. ரெக்கமெண்டேஷன் லெட்டர் தருவீங்களான்னு நேர்லயே கேட்டுட்டு வாங்க, ஒரு வருஷம் கழிச்சு மெயில்ல கேட்டா உங்க முகம் ஞாபகம் இருக்காது.

ட்யூப் எல்லாத்தையும் ஒரே பெட்டில வச்சு, எந்த வரிசைல எந்தக் குழில எதுன்னு ஒரு எக்செல் போட்டு சீனியருக்கு அனுப்புங்க. விதைக் கவர்ல லைன் பேரு, அறுத்த தேதி, உங்க இனிஷியல். நான் வந்து ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி என் சீனியர் அக்காகிட்டேருந்து வாட்சப், "தம்பி, உன் பாக்ஸ்ல சி4ல இருக்கறது எந்தச் செடி, பன்னெண்டாவதா பதினாலாவதா?" எக்செல்லைத் திறந்து பாத்து பதினாலுன்னு அனுப்பினேன்.